கலாசாலைக்குப் போன பிள்ளையும் லாகிரி வஸ்துவும்



மார்கழி விடுமுறைக்கு மகன் வீடு வந்திருக்கிறான். ஹாஸ்டலிலிருந்து அவன் கொண்டுவந்த அழுக்குத் துணி மூட்டையைத் தாயார் அவிழ்த்துத் தண்ணீரில் நனைக்கிறாள். கால்சட்டைப் பையில் ஏதோ தட்டுப்படுகிறது. எடுத்துப் பார்த்தால் ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி. பிள்ளைக்குக் காய்ச்சலுமில்லை, தலைவலியுமில்லை. மாத்திரை இன்னதென்று தாயாருக்குத் தெரியாது. ஆனால் மகன் மூட்டையைக் கொடுக்கும்போது ஏன் தயங்கினான் என்பது இப்போது விளங்குகிறது. உள்ளே தகப்பனார் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்வதா, வேண்டாமா?

துவைக்கும் கல்லருகே அந்தத் தாயார் திகைத்து நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றியதே இந்த வாரப் பாடம். அதற்கு முன்னே செய்திருக்க வேண்டியதும் உண்டு. பின்னே செய்ய வேண்டியதும் உண்டு.

"நம் குடும்பங்களில் அப்படியெல்லாம் நடவாது" என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் போதை சிகிச்சை நிலையத்தார் தேசம் முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2019-ஆம் வருஷம் வெளிவந்தது. 10 முதல் 75 வயதுவரை உள்ளவர்களில் ஏறக்குறைய 16 கோடிப் பேர் மது அருந்துகிறவர்கள். கஞ்சாவும் அதன் வகைகளும் உபயோகிப்பவர்கள் 3 கோடிக்கு மேல். இதைவிட நம்மை யோசிக்க வைக்கிற எண் ஒன்று அதில் இருக்கிறது. மதுவுக்கு முற்றும் அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். மற்ற 37 பேர் வீடுகளில் என்ன நடந்தது? அடி, அழுகை, சத்தியம், மூடி மறைத்தல். நமக்குப் பழக்கமான வைத்தியம் அவ்வளவுதான்.

முதலில் வஸ்துக்களைத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் வாலிபராயிருந்த காலத்தில் கள், சாராயம், பீடி என்று மூன்றைச் சொன்னால் பாடம் முடிந்தது. இன்று கலாசாலை மாணாக்கரிடையே புழங்குவது வேறு. உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் உண்டு. வாயில் வைத்தால் வாசனையும் வராது, வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். கஞ்சா இலையாகவும் வருகிறது, மிட்டாய்க் காகிதத்தில் சாக்லேட்டாகவும் வருகிறது. ஆபரேஷன் செய்தவர்களின் கடும் வலிக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கிற டேபென்டடால் போன்ற மாத்திரைகளைச் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறார்கள். சிலர் அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். வாயால் விழுங்கச் செய்த மாத்திரையை ஊசியில் ஏற்றினால் அதிலுள்ள மாவும் சுண்ணமும் இரத்தக் குழாயை அடைக்கும், கை புண்ணாகும். ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றிக்கொண்டால் எய்ட்ஸ் கிருமியும் ஈரல் அழற்சிக் கிருமியும் நால்வருக்கும் போகும். பெரிய பட்டணங்களில் மெத்தாம்பெட்டமின் என்கிற செயற்கைத் தூளும் வந்துவிட்டது. இரவு முழுதும் விழித்துப் படிக்கலாம் என்று பரீட்சைக் காலத்தில் நீட்டுகிறார்கள்.

இவற்றையெல்லாம் சொன்னபிறகும், நம் பிள்ளைகளை அதிகமாகப் பிடிப்பது மதுபானந்தான். அதைப் பற்றி ஒரு சிறு கணக்கு போடுவோம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போடுங்கள்.

கடையில் "குவார்ட்டர்" என்று சொல்லப்படுகிற புட்டியில் இருப்பது 180 மில்லி. அதில் நூற்றுக்கு 42.8 பங்கு சுத்தச் சாராயச் சத்து. கணக்கிட்டால் ஏறக்குறைய 60 கிராம். வைத்தியர்கள் 10 கிராமை ஓர் அளவு என்று வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. "பீர்தானே அப்பா, ஜூஸ் மாதிரி" என்று பிள்ளை சொல்வான். 650 மில்லி பீர் புட்டியில், 5 சதவீதமானால் இரண்டரை அளவு. 8 சதவீத ஸ்ட்ராங் வகையானால் நான்கு அளவு. ஈரலோ ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் கரைக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், தலையில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. ஒரு குவார்ட்டர் முழுதும் வெளியேற ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். இரவு பதினோரு மணிக்குக் குடித்து முடித்தவன் தூங்கி எழுந்து விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏறினால், தெளிந்துவிட்டேன் என்று அவன் நினைத்தாலும் அவன் இரத்தம் தெளியவில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவனுக்கு மது விற்கக் கூடாதென்பது விதி. இளங்கலை படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதுக்கு உட்பட்டவர்களே. விதியை வாசலில் எழுதி மாட்டிவிட்டு உள்ளே யாருக்கு வேண்டுமானாலும் விற்கிற கடைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

வயதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், முன்யோசனையும் அடக்கமும் குடியிருக்கிற மூளையின் முன்பாகம் ஏறக்குறைய இருபத்தைந்து வயதில்தான் முதிர்ச்சியடைகிறது. கஞ்சா உபயோகிப்பவர்களில் பத்துக்கு ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்றும், பதின்பருவத்திலே தொடங்கினவர்களில் ஆறுக்கு ஒருவர் அடிமையாகிறார் என்றும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இளவயதில் அடிக்கடி உபயோகித்தவர்களுக்குச் சித்தப்பிரமை நோய் வரும் அபாயமும் அதிகம். "மூலிகைதானே, சாமியார்கள் குடிக்கிறார்களே" என்கிற பேச்சுக்கு இது போதுமான பதில்.

சரி, நல்ல பிள்ளை ஏன் அதைத் தொடுகிறான்?

கெட்ட சகவாசம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் வழக்கம். அது பாதி உண்மை. கிராமத்துத் தமிழ்ப் பள்ளியில் முதல் மாணவனாயிருந்தவன் என்ஜினீயரிங் கலாசாலையில் ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமல் பின் பெஞ்சில் உட்காருகிறான். முதல் பருவத்திலேயே மூன்று அரியர். வீட்டுக்குச் சொல்ல வெட்கம். கடன் வாங்கிக் கட்டின பணம் கண் முன்னே நிற்கிறது. சனிக்கிழமை இரவு அறைத்தோழன் பிறந்தநாள் "ட்ரீட்" வைக்கிறான். அங்கே முதன்முதலாக அவனோடு நான்கு பேர் சிரித்துப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் தேடிப்போனது போதையை அன்று, தோழமையை. ஹாஸ்டலில் இருக்கிற நம் பெண்பிள்ளைகளுக்கும் இதே தனிமை உண்டு, இதே ட்ரீட்டும் உண்டு. அவர்களை நாம் கேட்பதேயில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எல்லாரும்தான் குடிக்கிறார்கள்" என்று பிள்ளை சொல்கிறானே, அது மெய்யா? 1986-ஆம் வருஷம் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கலாசாலை மாணவரிடம் இதையே சோதித்தார்கள். நீ எப்படி, மற்றவர்கள் எப்படி என்று தனித்தனியே கேட்டபோது, மற்றவர்கள் குடியை மெச்சுவதாக ஒவ்வொருவனும் நினைத்த அளவுக்கு உண்மையில் யாரும் மெச்சவில்லை. அதற்குப்பின் பல சர்வகலாசாலைகளில் சோதித்தும் இதே விடை வந்தது. காரணம் எளிது. குடித்துவிட்டுக் கூச்சலிட்டவனை ஹாஸ்டல் முழுதும் பார்த்தது. அன்றிரவு அறையில் படித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்த ஐம்பது பேரை யாரும் பார்க்கவில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அவன் தனியனல்லன் என்று தெரிந்தால் "வேண்டாம்" என்று சொல்ல நாக்கு எழும்.

இனி, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞானஸ்நான விருந்தில் பந்திக்குப் பின்னால் ஒரு தனி அறை, திருவிழாவில் தேர் நிலைக்கு வருமுன்பே தள்ளாடுகிற தகப்பன்மார், சாவு வீட்டில் இரவு விழிக்கிறவர்களுக்கென்று ஒரு புட்டி: இவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஹாஸ்டலில் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. தகப்பன் அப்பா கடையிலிருந்து மகனையே சிகரெட் வாங்கிவரச் சொன்னதும் உண்டு.

ஐஸ்லாந்து என்கிற குளிர்தேசத்தில் 1998-ஆம் வருஷம் 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்தின மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். 2016-இல் அந்த எண் 5. அவர்கள் போதனை செய்து இதைச் சாதிக்கவில்லை. இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றாதபடி நேரம் குறித்தார்கள். பெற்றோர் ஊருக்கு ஊர் கூடி ஒரே விதியை எல்லா வீட்டிலும் நடத்த ஒப்பந்தம் செய்தார்கள். விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் பிள்ளைக்கு ஆகும் செலவில் ஊராட்சி ஒரு பங்கு கொடுத்தது. பெற்றோர் பிள்ளைகளோடு செலவிடும் நேரம் கூடியது. கலாசாலைக்குப் போகுமுன்பே செய்ய வேண்டிய வேலை இது. பதினெட்டு வயதில் ரயிலடியில் நின்றுகொண்டு சொல்லும் புத்திமதி மிகவும் பிந்தியது. ஆயினும் பயனற்றதன்று. வாரம் ஒரு நாள் ஒரு நேரம் குறித்துப் பிள்ளையோடு பேசுங்கள். மார்க்கைக் கேட்குமுன் சாப்பாட்டையும் அறைத்தோழனையும் கேளுங்கள். கைப்பேசியில் பணம் அனுப்புவது எளிதாகிவிட்டபடியால், மாதத் தொகையை ஒரே நாளில் அனுப்பாமல் வாரந்தோறும் அனுப்பினால் செலவின் போக்கும் உங்களுக்குத் தெரியும்.

இப்பொழுது துவைக்கும் கல்லுக்குத் திரும்புவோம்.

அந்தத் தாயார் முதலில் செய்ய வேண்டியது, அட்டையின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வைப்பது. இரண்டாவது, அன்றைக்கே பேசாதிருப்பது. கோபமும் பயமும் கொதிக்கிறபோதும், பிள்ளை போதையில் இருக்கிறபோதும் பேசினால் பிரயோசனமில்லை. தகப்பனாரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் "அடிக்கமாட்டேன்" என்ற உறுதியை முதலில் வாங்கிக்கொண்டு சொல்லட்டும். மறுநாள் காலையில், தங்கை, பாட்டி, அடுத்த வீட்டுக்காரர் இல்லாத வேளையில் இருவரும் பிள்ளையோடு உட்காரட்டும். சொல்ல வேண்டியது கொஞ்சமே: "தம்பி, உன் பையில் இது இருந்தது. எங்களுக்குப் பயமாயிருக்கிறது. என்ன நடக்கிறதென்று சொல்லு, நாங்கள் கேட்கிறோம்." அதற்குப்பின் மௌனமாயிருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். நாம் மௌனமாயிருக்கப் பழகாதவர்கள்.

பிள்ளை முதலில் பொய் சொல்வான், சிநேகிதனுடையது என்பான். அதற்காக விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். எப்போதெல்லாம் எடுக்கிறாய், எடுத்தால் என்ன நன்மை, எடுக்காவிட்டால் உடம்பு என்ன செய்கிறது, இதனால் எதை இழந்தாய் என்று கேளுங்கள். இழப்பை அவன் வாயாலேயே சொல்ல வைப்பது நூறு புத்திமதிக்குச் சமம். வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஆலன் மார்லட் என்பவரும் அவர் கூட்டத்தாரும் மாணாக்கருக்கென்று வகுத்த முறையில் மொத்தம் இரண்டே சந்திப்புகள். பயமுறுத்தல் கிடையாது. அவனவன் குடித்த அளவை அவனே எழுதி, அதற்கு ஆன பணத்தையும் கெட்ட வகுப்புகளையும் அவனே கூட்டிப் பார்க்கிறான். இன்னும் முற்றும் அடிமையாகாத மாணவர்களில் பலர் இவ்வளவிலேயே அளவைக் குறைத்துக்கொண்டதாகத் தெரிய வந்தது.

இங்கே நம் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்குமுன் ஒரு குடும்பத்தார் கலாசாலையில் படித்த தங்கள் மகனைப் பற்றி நம்மிடம் ஆலோசனை கேட்டார்கள். திருத்தலம் ஒன்றுக்கு அழைத்துப்போய்ச் சுரூபத்தின் முன் சத்தியம் வாங்குங்கள் என்று சொன்னோம். பையன் அழுதுகொண்டே சத்தியம் செய்தான். நாமும் நல்ல காரியம் முடிந்ததென்று நினைத்தோம். இருபது நாளில் ஒரு ட்ரீட்டில் மறுபடியும் குடித்தான். குடித்ததை வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் சத்தியத்தை மீறினவன் எந்த முகத்தோடு வருவான்? அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீடு வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்துதான் செய்தி வந்தது. பிழைத்துக்கொண்டான், இன்று வேலையிலும் இருக்கிறான். ஆயினும் அந்த ஒன்றரை வருஷத்துக்கு நம் ஆலோசனையும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்துச் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீ இருந்தார். அந்நாளில் குடிகாரரை ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்வதில்லை. 1939-ஆம் வருஷம் டாக்டர் பாப் ஸ்மித் என்பவர் ஒரு குடிநோயாளியைக் கொண்டுவந்தபோது, இரைப்பை அழற்சி என்று பதிவேட்டில் எழுதி அவர் இடங்கொடுத்தார். (அந்த டாக்டரும் முன்னாளில் குடித்தவர்; ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தை 1935-இல் தொடங்கிய இருவரில் ஒருவர்.) தேறி வீட்டுக்குப் போகிறவர்களிடம் இக்னேஷியா அம்மாள் திரு இருதயத் துணிப்பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். அதோடு ஒரு நிபந்தனை: மறுபடியும் குடிக்க எண்ணினால், குடிக்குமுன் அந்தப் பதக்கத்தை அவரிடமே கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாம் வாங்கின சத்தியத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். சத்தியம் விழுந்தவனுக்கு வாசலை அடைத்தது. பதக்கம் விழப்போகிறவனை வாசலுக்கு வரச் சொன்னது.

பிள்ளை சிகிச்சைக்கு வர மறுத்தால்? உறவினரெல்லாம் திடீரென்று கூடிச் சூழ்ந்து நின்று கண்டிப்பது ஒரு வழி. வீட்டாருக்கே பயிற்சி கொடுத்து, பிள்ளை தெளிவாயிருக்கும் நேரத்தில் அன்பும் பேச்சும் தந்து, போதையிலிருக்கும் நேரத்தில் விலகி நின்று, அவனுடைய பொய்க்கும் கடனுக்கும் முட்டுக்கொடுக்காமல், தக்க வேளை பார்த்து வைத்தியரிடம் அழைப்பது இன்னொரு வழி. 1999-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், முதல் வழியில் நூற்றுக்கு 30 பேரும் இரண்டாம் வழியில் 64 பேரும் சிகிச்சைக்கு வந்தார்கள். முதல் வழிக்கென்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் அநேகர் அதைக் கடைசிவரை நடத்தவேயில்லை. சொந்தப் பிள்ளையை அப்படிச் சூழ்ந்து நிற்க மனம் வரவில்லை போலும்.

சில அபாயங்களை மாத்திரம் கண்டிப்பாய்ச் சொல்லிவிடுகிறோம். "குடியை மறக்கச் செய்யும் மருந்து, தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்கிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். டைசல்ஃபிராம் என்கிற மருந்து வைத்தியரின் கண்காணிப்பில், நோயாளியின் சம்மதத்தோடு கொடுக்கப்படுவது. தெரியாமல் கொடுத்து, அவன் தெரியாமல் குடித்தால், இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். நெடுநாள் தினமும் மிகுதியாய்க் குடித்தவனை அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம். அது ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டிய காரியம்.

வலி மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் சுவாசம் மெல்ல மெல்ல நின்றுவிடும். "தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்" என்று விட்டுப்போன தோழர்கள் காலையில் பிணத்தைக் கண்டதுண்டு. எழுப்பினால் எழாதவன், மூச்சு நிமிஷத்துக்கு எட்டுக்குக் குறைந்தவன், உதடு நீலம் பூத்தவன், வலிப்பு வந்தவன்: உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாயில் காப்பி ஊற்றவும் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. இந்தப் பத்தியைக் கத்தரித்து உங்கள் பிள்ளைக்கு அனுப்புங்கள். தனக்கு உதவாவிட்டாலும் அறைத்தோழனுக்கு உதவும்.

சட்டத்துக்குப் பயந்து வைத்தியரிடம் போகாதவர்கள் உண்டு. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சா சிறு அளவில் வைத்திருந்தாலே ஒரு வருஷம்வரை கடுங்காவலோ பதினாயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். "சிநேகிதன் பொட்டலம், வைத்திருந்தேன்" என்பது சட்டத்தின் முன் சமாதானமாகாது; இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். ஆனால் அதே சட்டத்தின் 64-அ பிரிவு, அடிமைப்பட்டவன் தானாக முன்வந்து அரசாங்கம் நடத்துகிற அல்லது அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்கும் சிறு அளவுக் குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடக்கூடும். விற்றவனுக்கு இந்தச் சலுகை இல்லை.

எங்கே போவது? மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியின் மனநல மருத்துவரிடம் முதலில் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல நிலையமும், 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. ஆஸ்பத்திரியும் உண்டு. பெயர் சொல்லாமல் கேட்க விரும்பினால் 14446 என்ற எண் போதை மீட்புக்கென்றே மத்திய சர்க்கார் நடத்துவது, காசில்லை. மனச்சோர்வும் உறக்கமின்மையும் சேர்ந்திருந்தால் டெலிமானஸ் 14416. பெற்றோரும் கூப்பிடலாம், பிள்ளைதான் கூப்பிட வேண்டுமென்பதில்லை. பங்குச் சுவாமியாரிடம் வந்தாலும் பேச்சு வெளியே போகாது. ஆனால் வைத்தியர் செய்ய வேண்டியதைச் சுவாமியார் செய்ய முடியாது என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார்.

சிகிச்சை பெற்ற பிள்ளை மறுபடி ஒரு முறை தவறினால் எல்லாம் வீணாயிற்று என்று எண்ணாதீர்கள். நீரிழிவுக்காரர் கலியாண வீட்டில் ஒரு லட்டைத் தின்றுவிட்டால் வைத்தியத்தையே நிறுத்திவிடுகிறோமா? எந்த நாள், எந்தக் கூட்டம், என்ன மனநிலை என்று பார்த்து அடுத்த முறைக்கு வழி செய்வதுதான் காரியம்.

விடுமுறை முடிந்து திரும்ப அனுப்புவதிலும் கவனம் வேண்டும். பழைய அறை, பழைய தோழர், பழைய சனிக்கிழமை என்று விட்டால் ஆஸ்பத்திரி செய்தது நிலைக்காது. அரியர்ப் பாடத்துக்கு உதவி செய்ய ஓர் உபாத்தியாயரைப் பிடியுங்கள். அதே நகரத்தில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனை அழைக்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அறை மாற்றம் கேட்டு வார்டனுக்கு எழுதும் கடிதத்தைப் பருவம் தொடங்குமுன்பே எழுதிவிடுங்கள். அதில் பிள்ளையும் கையொப்பமிடட்டும்.